ஒன்பதேகால் அடியில் நின்றுபோன ஆறு

என் அன்பு ஜாகிர் மாப்பிள்ளைக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, கொள்ளிடத்தில் நம் ஊர்ப் படித்துறை அளவுக்கல்லில் தண்ணீர் பதினொன்றே முக்கால் அடி. கல்லைப் பார்த்துச் சொன்னவர் அஞ்சலை. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். கோட்டின் மேல் அப்பியிருந்த சேற்றை அவர் கையால் வழித்துக் காட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டேன்.

கரையின் தலை பதிமூன்று அடி. உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

நீ போய் இன்றோடு ஐந்து நாள். உன்னைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி என் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். சவூதியில் பதினோரு வருஷம் ஒரு கிடங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர், ஊருக்குத் திரும்பிக் கடைத்தெருவில் ப்ரௌசிங் சென்டர் வைத்தவர், வெள்ளக் காலத்தில் ஊருக்காக ஒரு புரோகிராம் எழுதியவர் என்று தொடங்கினேன். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்ளே. செய்தியாகச் சொல்ல முடியாததை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? கரைக்காவலில் இருந்து தொடங்குகிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறினால் வீட்டுக்கு ஓர் ஆண் மண்வெட்டியோடு கரைக்குப் போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். முறை வைத்துப் போவார்கள். நீ திரும்பி வந்த வருஷம் அந்த முறைச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய். பாதிப் பெயர்களுக்கு எதிரே சிங்கப்பூர், துபாய், திருப்பூர், மெட்ராஸ் என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"ஊர்ல ஆம்பளை எங்க மச்சான் இருக்கான்? இருக்குறதெல்லாம் நீயும் நானும். உனக்குத் தொப்பை, எனக்கு சுகர். நாம மண்வெட்டி தூக்கினா கரை சிரிச்சே உடைஞ்சிரும்."

அதற்காகத்தான் அந்தப் புரோகிராம். மேல்மடை, படித்துறை, கீழ்மடை என்று மூன்று இடத்தில் மூன்று பேர். மணிக்கு ஒருமுறை அளவுக்கல்லைப் பார்த்து, எண்ணை மட்டும் செல்போனில் அனுப்புவார்கள். உன் கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொள்ளும். தெருவைப் பார்த்து வைத்த பெரிய திரையில் அந்த எண் தெரியும். பதினொரு அடிக்குக் கீழே இருந்தால் யாரும் கரைக்குப் போக வேண்டாம். பதினொன்றைத் தொட்டால், இருக்கிற ஆண் பெண் எல்லோரும் போக வேண்டும். கரைக் கமிட்டி உன் பேச்சைக் கேட்டு அப்படித்தான் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள் டீக்கடையில் எனக்குச் சொன்னாய். ஒன்றுக்கு இரண்டு புரோகிராம். ஒன்று எழுதும், ஒன்று காட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோப்பு. அந்தக் கோப்பை மெமரி மேப் பண்ணியிருக்கிறேன் என்றாய். நான் முழித்தேன்.

"நீ முன்னாடி எப்படிச் செய்தி அனுப்புவே? கவர்ல போட்டு, ஒட்டி, கும்பகோணம் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுப்பே. அவர் தஞ்சாவூர்ல எறக்குவாரு. ஆபீஸ்ல ஒருத்தர் பிரிச்சு, மறுபடி எழுதுவாரு. சாதாரணமா ஃபைலைப் படிக்கிறது அப்படித்தான். காப்பி மேல காப்பி. இது அப்படி இல்ல. டிஸ்க்குல இருக்குற ஃபைலும் மெமரியும் ஒரே பலகை மாதிரி. நான் இந்தப் பக்கம் நின்னு எழுதுறேன், நீ அந்தப் பக்கம் நின்னு பார்க்குறே. கவரும் இல்ல, கண்டக்டரும் இல்ல."

"அப்ப பலகையில எழுதினா டிஸ்க்குல ஏறிடுமா?"

"அதான் விஷயம். ஏறும், ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. சிஸ்டம் அதுக்குத் தோணுறப்போ இறக்கும். நடுவுல கரண்ட் போனா எழுதினது போச்சு. அதனால ஒவ்வொரு எண்ணும் வந்த உடனே நானே வம்படியா டிஸ்க்குல இறக்கிடுவேன். நம்மூர் கரண்டை நம்பி எவன் இருப்பான்?"

நல்ல பதிலாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். கேள்வி கேட்டே பிழைக்கிறவன், எழுதுகிறவன் இல்லாமல் போனால் பலகை என்ன காட்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மருத்துவமனைக்குக் கார் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஜும்மா தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொன்னார்கள். ஊர் முழுக்க பள்ளிவாசலில் இருந்தது. நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு மணி தாண்டிய கையோடு கரண்ட் போனது. ஒலிபெருக்கி அறுந்துபோனதால் எனக்கு நினைவிருக்கிறது. கடையில் இருந்த யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்துப்போனது, மாற்ற வேண்டும் என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய்.

உன்னை மையத்தாங்கொல்லையில் அடக்கம் செய்துவிட்டு நாங்கள் திரும்பும்போது கரண்ட் வந்திருந்தது. கடைத்தெருவில் உன் திரை எரிந்துகொண்டிருந்தது. படித்துறை, ஒன்பதேகால் அடி. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். நீ இல்லாமலும் ஓடுகிறதே என்று நினைத்தேன். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சாயங்காலம் பார்த்தேன். ஒன்பதேகால். சனிக்கிழமை காலை ஒன்பதேகால்.

நம் பக்கத்தில் வெள்ள நேரத்தில் இதைவிட நல்ல சேதி கிடையாது. ஏறுகிறது என்றால் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். வடிகிறது என்றால் மேலே எங்கோ உடைத்துக்கொண்டு போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். நிற்கிறது என்றால்தான் ஜனங்கள் உலை வைப்பார்கள். வேறு ஊரில் ஓர் எண் அசையாமல் நின்றால் மெஷின் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்திருப்பார்களோ என்னவோ. நாங்கள் நிம்மதியானோம். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் தங்கள் எண்ணை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

கேபிள் டிவிக்காரருக்கு போன் செய்து, கீழே ஓடும் எழுத்தில் 'நீர்மட்டம் நிலையாக உள்ளது' என்று போடச் சொன்னேன். பத்திரிகைக்கும் அதையே அனுப்பினேன். இரண்டு நாள், இரண்டு செய்தி. ஆதாரம் என்ன என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் உன் கடையில் போன் அடித்தது. எதிர்க்கடைக்காரர் எடுத்து என்னிடம் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து அஞ்சலையின் மகன்.

"சார், தண்ணி எவ்ளோ இருக்கு?"

"நிக்குதுப்பா. நேத்துலேர்ந்து ஒன்பதேகால்தான்."

"அப்ப அம்மாவை மாமா வீட்டுக்குப் போகச் சொல்ல வேணாமுல்ல?"

"வேணாம்பா. நிம்மதியா வேலையைப் பாரு."

நிம்மதியா வேலையைப் பாரு என்று சொன்னேன், மாப்ளே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் அஞ்சலை கடைத்தெருவுக்கு நடந்தே வந்தார். அவரைத் தெரியாதவர்களுக்கு: ஒரு காலத்தில் பண்ணையில் நடவாளாக இருந்து, மகன் அனுப்பியதில் ஒரு மா நிலம் வாங்கி, இப்போது தன் வயலில் தானே நடுகிறவர். வீடு கரையை ஒட்டிய தெருவில். படித்துறைக் கல்லைப் பார்த்து உனக்கு எண் அனுப்பியவர் அவர்தான். முழங்கால் வரை சேறு. திரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் சார் இதுல ஒன்பதேகால்னு எழுதுறது?"

"நீங்க அனுப்புறதுதானே அஞ்சலை?"

"நானா? நான் நேத்து விடியக்காலை பத்துன்னு அனுப்பினேன். மத்தியானம் பத்தரை. இன்னைக்கு எந்திரிச்சுப் பார்த்தா பதினொண்ணேகால். பாய் நம்பர்ல பேசலாம்னா போனும் எடுக்கல, அப்புறம்தான் அவரே இல்லைன்னு ஞாபகம் வருது. எம்மவன் சிங்கப்பூர்லேர்ந்து சொல்றான், அம்மா தண்ணி நிக்குதாம், சார் சொல்லிட்டாருன்னு. நான் படித்துறையில நின்னு பார்க்குறேன், படி ஒண்ணு ஒண்ணா முங்குது. அங்கேயிருந்து அவன் சொல்றான், நிக்குதும்மான்னு."

"நேத்தே வந்து சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்ல? எனக்குத்தான் கண்ணு போச்சோன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டிப் போயி பார்க்கச் சொன்னேன். அவளும் பத்தரைங்குறா. டிவியில தண்ணி நிலையா இருக்குன்னு ஓடுது. அவ்வளவு பேருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு உட்கார்ந்துட்டேன் சார்."

தன் கண்ணால் பார்த்த ஆற்றை அவர் ஒரு நாள் முழுக்க நம்பாமல் இருந்திருக்கிறார். அவரை நம்பாமல் இருக்க வைத்தது என் வாக்கியம்.

நான் உன் வீட்டுக்கு ஓடினேன். கடைக்குப் பின்கட்டுத்தான் வீடு என்றாலும் அந்தப் பத்தடி எனக்குப் பெரிய தூரமாக இருந்தது. உன் மனைவி ஷமீம், புருஷனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்காமல் உள்ளேயே இருக்க வேண்டியவளை, மூன்றாம் நாளே கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசக் கூப்பிட வேண்டியிருந்தது. உன் அம்மா கதவோரம் நின்றார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் புரோகிராமில் பாதி அவள் எழுதியது என்பதைக் கடைத்தெருவில் எத்தனை பேர் அறிவார்கள்? நீ எழுதும் பக்கத்தை எழுதினாய். காட்டும் பக்கம் அவளுடையது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஸ்கிரீன்ல கடைசியா என்ன மணிக்கு வந்த எண்ணு நிக்குது?"

"மணி தெரியலம்மா. எண்ணு மட்டும்தான் இருக்கு."

"ஆமா. மணி போடலண்ணே. போடணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல." குரல் தேய்ந்தது. "கரண்ட் வந்ததும் மெஷின் தானா எந்திரிச்சிருக்கும். என் புரோகிராம் தானா ஓடும். அவரோடது ஓடாது. அது பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், ஸ்கிரீனுக்குப் பின்னால. பெரிய எழுத்து மறைச்சிருக்கும். நீங்க யாரும் பார்த்திருக்க முடியாது."

"அப்ப ரெண்டு நாளா ஓடுறது?"

"பலகை அப்படியே இருக்குண்ணே. எழுதுறவர்தான் போயிட்டார்."

உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அவர் வேற, ஒவ்வொரு எண்ணையும் அப்பப்பவே டிஸ்க்குல இறக்கிடுவார்," என்றாள் ஷமீம். "இறக்காம விட்டிருந்தா, ஒரு மணிக்கு வந்தது டிஸ்க்குக்குப் போயிருக்காம இருந்திருக்கலாம். மணிக்கு ஒரு புதுக் கட்டம், அந்தக் கட்டத்துல சைபர் நின்னிருக்கும். ஆத்துல தண்ணி சைபர்னு காட்டினா யாராச்சும் ஒருத்தர் என்னன்னு ஓடி வந்திருப்பீங்க."

நீ எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. இந்த ஒருமுறை விட்டிருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னிப்பாயா?

பாஸ்வேர்டை அவள் எனக்குச் சொல்லவில்லை. கடையைக் காலி செய்து, ஷட்டரைப் பாதி இறக்கி, எல்லோரும் தெருவில் நின்றால் தானே வந்து போட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். அப்படியே செய்தோம். உள்ளே வளையல் இல்லாத கைகள் விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் தெருவில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்பதேகால், ஒன்பதரை ஆனது. அதற்குள் ஒன்பதே முக்கால். பத்து. இரண்டு நாளாக எங்கோ தேங்கியிருந்த சேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நடுவில் சில காணாமல் போயிருக்கலாம். பத்தேகால். பத்தரை. பத்தரை. நான் நிம்மதியாக வேலையைப் பார்க்கச் சொன்ன நேரத்தில் இருந்த எண் எது என்று தேடினேன். அது தாண்டிப் போய்விட்டது. பத்தே முக்கால். பதினொன்று. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பதினொன்றேகாலில் வந்து நின்றது.

நின்றதைப் பார்த்து இந்தமுறை யாருக்கும் ஆறுதல் வரவில்லை. "இது இப்ப உள்ளதா?" என்று யாரோ கேட்டார்கள். அஞ்சலை தன் செல்போனைத் தூக்கிப் பார்த்து, "நான் கிளம்புறதுக்கு முன்னாடி எட்டு மணிக்கு அனுப்பினது," என்றார். அப்போது மணி பத்தரை.

கரைக்குப் போனோம். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எண்ணவில்லை. பெண்கள் அதிகம். இரண்டு மணி அளவில், வாழைத்தோப்புக்கு நேரே, கரையின் ஊர்ப்பக்க அடியில் தண்ணீர் கசிந்து வருவதை அஞ்சலைதான் பார்த்தார். நண்டு வளை. சுண்டுவிரல் அளவு. தெளிந்த தண்ணீராக வந்தால் பயமில்லை என்பார்கள். இது கலங்கலாக வந்தது. கரையின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தது.

மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு, மாலை ஐந்தரைக்கு அடைத்தோம். அது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலையா, சனிக்கிழமையா? சனிக்கிழமை நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அது அங்கே ஊறிக்கொண்டிருந்ததா? அதற்கு நேர் கீழே மூன்றாவது வீடு அஞ்சலையுடையது.

ஞாயிறு சாயங்காலமே பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். திங்கட்கிழமை வந்தது, நான்கு வரி. நான்கு வரியில் முடிகிற தப்பா இது? இருபத்தாறு வருஷத்தில் நான் 'நிலையாக உள்ளது' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்? நோயாளியின் உடல்நிலை, ஊரின் நிலைமை, அணையின் மட்டம். ஒவ்வொன்றும் யார், எந்த மணிக்குப் பார்த்துச் சொன்னது? நேற்று பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். பல இடங்களில் மணி இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. உன் நம்பர் என் போனில் இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் நீ பேசியது அதில் இன்னும் நிற்கிறது, இரண்டு நிமிடம் என்று. அழித்துவிடலாம் என்று எடுத்தேன். முடியவில்லை.

ஷமீம் உள்ளேயே உட்கார்ந்து ஒரு மாற்றம் எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு எண்ணோடும் அது எழுதப்பட்ட மணியும் அதே கோப்பில் ஏறும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பழசானால் திரையில் எண் இருக்காது, வெறும் கோடுகள்தான் இருக்கும். உன் அம்மா வழியாகத் தாளில் எழுதி எனக்குக் காட்டினாள். ஆனால் அதைப் போட இப்போது ஓடுவதை நிறுத்த வேண்டும். மறுபடி ஓடாமல் போனால்? கோப்பின் அமைப்பே மாறுகிறது, வெள்ளத்துக்கு நடுவில் தொட எனக்குத் தைரியம் இல்லண்ணே என்கிறாள். எனக்கும் இல்லை.

அதனால் உன் திரைக்குக் கீழே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு எண் மாறும்போதும், அனுப்பியவருக்கு போன் செய்து கேட்டு, பார்த்த மணியையும் பார்த்தவர் பெயரையும் சாக்குக்கட்டியால் நான் எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து இன்று மறுபடி போன் வந்தது. "சார், நிக்குதா?" என்றான். "பத்து அஞ்சுக்கு உங்கம்மா பார்த்தது பதினொண்ணே முக்கால். இப்ப என்னன்னு எனக்குத் தெரியாதுப்பா. அம்மாவை மாமா வீட்டுக்குப் போகச் சொல்லு," என்றேன். "அவங்க போக மாட்டாங்க சார். கல்லை யாரு பார்க்குறதும்பாங்க," என்றான். அதையேதான் அஞ்சலையும் சொன்னார்.

இனி இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். மேலே அணையிலிருந்து திறந்த தண்ணீரின் உச்சம் இன்னும் நம் ஊரைத் தொடவில்லை. நாளை புதன்கிழமை நண்பகலுக்குள் வந்துவிடும், பன்னிரண்டரை அடி வரை ஏறலாம் என்று மேல்மடைப் பொறியாளர் இன்று ஒன்பதரை மணிக்குத் தொலைபேசியில் சொன்னார். அடைத்த இடம் தாங்குமா என்று கேட்டேன். நாளைக்குத்தான் தெரியும் என்றார். தண்ணீர் பதினொன்றுக்குக் கீழே இறங்கிய பிறகு ஷமீமின் மாற்றம் ஏறும். அது எந்த நாள் என்று உறுதியாகவில்லை.

அதுவரைக்கும் உன் பலகையை விட்டு நான் எழுந்து போக மாட்டேன், மாப்ளே. நான் எழுந்தால், எழுந்த மணியை எழுதிவிட்டுத்தான் எழுவேன்.

உனக்கு மச்சான், அதனால் ஷமீமுக்கு அண்ணன்,
இராசேந்திரன்
செவ்வாய், காலை பதினொன்று இருபது